நான் வைக்காத கஞ்சி

பலாப்பழம் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மத்தியானம் தாண்டியிருந்தது. பழம் நன்றாகப் பழுத்துவிட்டது. வாசனைக்கு ஈக்கள் கூடவே வந்தன. துண்டை மடித்து வைத்திருந்தும் முள் சட்டை வழியாகக் குத்தியது.

பஸ் ஒன்று என்னைத் தாண்டிப் போய் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்துக் கை காட்டினார். போகச் சொல்லிவிட்டேன். அந்த பஸ்ஸில் தெரிந்த முகங்கள் இருக்கும். எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்பார்கள்.

எங்கே போகிறேன் என்பதில் அப்போது எனக்குச் சந்தேகம் இல்லை. ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் மில். அங்கே அன்று காலையில்தான் வேனில் போய்ச் சேர்ந்திருந்தாள் கோகிலா என்ற பெண். அவளிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதை மலைமேல் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பில் பெயிலான கணக்குப் பரீட்சையை அடுத்த மாதமே திரும்ப எழுதலாம்.

விண்ணப்பத் தாள் என் பையில் இருந்தது. கசங்காமல் இருக்கப் பழைய காலண்டர் அட்டைக்குள் சொருகியிருந்தேன். பெயர், ஊர், பதிவு எண் எல்லாம் என் கையால் எழுதியவை. கையெழுத்து இடம் மட்டும் காலி. அதையும் நானே போட்டுவிடலாம் என்று வழியில் தோன்றாமல் இல்லை. பரீட்சையை யார் எழுதுவது?

இதே வேலையை எட்டு நாள் முன்பு செய்திருந்தால் அவள் வேனில் ஏறியிருக்க மாட்டாள். என் தோளிலும் பழம் இருந்திருக்காது.

அடுப்புக்குக் காகிதம்

அந்தப் பள்ளிக்கூடத்து விடுதியில் ஏறக்குறைய மூன்று வருஷம் சமையல்காரனாக இருந்தேன். எனக்கு அது நெடுங்காலம். போர்வெல் லாரியில் ஒன்றரை வருஷம், கோழிப்பண்ணையில் எட்டு மாதம், பரோட்டாக் கடைகளையெல்லாம் சேர்த்தால் ஒரு வருஷம் என்று ஓடியவன். மலைக்கு வந்து சேர்ந்த கதையை இந்தத் தொடரிலேயே சில வாரங்களுக்கு முன்பு எழுதிவிட்டேன்.

விடுதியில் கேஸ் அடுப்பு உண்டு. சிலிண்டர் மேலே வந்துசேரத் தாமதமாகும் நாட்களில் விறகுதான். மலை விறகு ஈரம் போகாது. பற்றவைக்கக் காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதத்தைக் கொண்டுவருபவள் கோகிலா. பெரக்கரை நாட்டுப் பெண். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சமையல்கட்டு வாசலில் நின்று, "அண்ணா, அடுப்புக்கு" என்று நோட்டிலிருந்து கிழித்த தாள்களை நீட்டுவாள். சில தாள்களில் நாலு வரிதான் எழுதியிருக்கும். மீதி வெள்ளை. இத்தனை வெள்ளைத் தாளைக் கிழிக்கிறாயே என்று ஒருமுறை கேட்டேன். தப்பை அடித்துவிட்டுப் போட்டால் நோட்டு அசிங்கமாக இருக்கும் என்றாள்.

அவள் நோட்டு அவ்வளவு சுத்தம். அடித்தல் திருத்தல் ஒன்றுகூடப் பார்க்க முடியாது. கணக்கு சார் அதை மற்ற வகுப்புகளுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துக் காட்டுவார். தப்பாகப் போன கணக்கெல்லாம் என் உலைக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் சோறு வெந்தால் போதும் என்று இருந்தேன்.

கணக்கு சாரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நாமக்கல் பக்கத்து ஆள். மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்காமல் மலையிலேயே கிடந்தவர். மலைப்பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று கீழே யாராவது பேசினால் சண்டைக்குப் போவார். அப்படிப்பட்டவருக்குக் கோகிலா கிடைத்தாள்.

நான் டீ எடுத்துக்கொண்டு போகும்போது பார்ப்பேன். போர்டில் கணக்கை எழுதி முடிக்கும் முன்பே அவள் கை மேலே போய்விடும். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்ப்பார். "இது படிச்சு வர்றதில்ல. பொறப்புலயே இருக்கோணும்" என்பார். அவள் தலை குனிந்து சிரிப்பாள்.

அவள் கை தூக்காத கணக்கும் வரும். அப்போது சார் அவள் பக்கம் திரும்பவே மாட்டார். சட்டென்று வேறு யாரையாவது எழுப்பிவிடுவார். எல்லோருக்கும் முன்னால் அவள் விழித்து நிற்கக் கூடாது என்ற கரிசனம்.

எழுப்பப்படுகிற ஆள் பெரும்பாலும் ஜோதி. தேவனூர் நாட்டிலிருந்து வந்தவள். "கலெக்டரம்மா எந்திரிங்க. வந்து இந்தப் பள்ளிக்கூடத்தக் காப்பாத்துங்க" என்பார் சார். வகுப்பு சிரிக்கும். ஜோதியும் சேர்ந்து சிரித்துக்கொண்டே போய்ப் பாதிவரை போட்டுவிட்டு, மீதி தெரியாது என்று சாக்பீஸை நீட்டுவாள்.

ஜோதியின் நோட்டு கோழி கிளறிய இடம் மாதிரி இருக்கும். வெங்காயம் உரிக்க வருகிற சாக்கில் சமையல்கட்டுத் தரையில் கரித்துண்டால் கணக்குப் போடுவாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கும். அதைப் பார்த்து, சரியா என்று மட்டும் நான் சொல்ல வேண்டும்.

இல்லை என்பேன்.

எங்கே தப்பு என்று கேட்பாள். நானே ஒன்பதாவதோடு நின்றவன், எனக்கென்ன தெரியும் என்பேன்.

"அப்ப நீங்களும் நம்மாளுதான்" என்பாள். தரையைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். அந்தக் கரியைக் கழுவுகிற வேலை எனக்கு.

பதிமூன்றாம் வாய்ப்பாடு

என் கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வகுப்பில் எனக்குப் பதிமூன்றாம் வாய்ப்பாடு தலைகீழாக வரும். எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. எங்கள் வாத்தியார் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐந்தாம் வகுப்புக்குப் போவார். அங்கே மேஜைமேல் நிறுத்துவார். நான் ஒப்பிப்பேன். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் முட்டிபோட்டு நிற்பார்கள். அப்புறம் ஊருக்குள் எனக்குப் பெயரே வேறாகிவிட்டது. கணக்குப்பிள்ளை வருகிறார் என்று டீக்கடையில் இடம் கொடுத்தார்கள்.

ஆறு, ஏழு, எட்டு எல்லாம் அந்தப் பெயரிலேயே ஓடியது. ஒன்பதாவதில் இயற்கணிதம் வந்தது. எழுத்தும் எண்ணும் கலந்து நின்ற அந்த வரிகளைப் பார்த்ததும் எனக்குப் பிடிபடவில்லை. கேட்டிருக்கலாம். கணக்குப்பிள்ளை எப்படிக் கேட்பது?

காலாண்டுப் பரீட்சையில் நூற்றுக்குப் பதினொன்று. தாளைக் கொடுக்கும்போது வாத்தியார் அடிக்கவில்லை, திட்டவில்லை. "உங்கிட்ட இத நான் எதிர்பார்க்கலடா" என்றார். அதுவும் யாருக்கும் கேட்காமல் மெதுவாகத்தான் சொன்னார். அன்று இடைவேளையில் ரோட்டுக்கு வந்தவன், டீ குடிக்க நின்ற போர்வெல் லாரியில் ஏறிவிட்டேன். ஆள் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான். ஆந்திராவில் ஒரு கிராமத்தில் குழாயைத் தவறாக மாட்டியதில் அது துளைக்குள் சிக்கிக்கொண்டது. மேனேஜர் வருவதற்குள் நான் பஸ் ஏறியிருந்தேன். பரோட்டாக் கடையில் குருமா அடிப்பிடித்த அன்று, வாளியில் தண்ணீர் எடுக்கப் போகிறவன் மாதிரிப் பின்வாசலால் போனேன். என்னை வேலையைவிட்டுத் துரத்தியவர்கள் குறைவு. துரத்துவதற்குள் நான் போயிருப்பேன்.

இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. நடந்தது இது.

முதல் கைப்பிடி

கோகிலாவின் ஊரில் விதைப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. சாமையோ கேழ்வரகோ, முதல் மூன்று கைப்பிடியைக் கைராசி உள்ள ஆள்தான் வீச வேண்டும். கிழக்கே பார்த்து நின்று மூன்று பிடி. அதற்கப்புறம் காட்டுக்காரர், அதாவது அந்த விதைநிலத்தின் சொந்தக்காரர், முறத்தை வாங்கிக்கொள்வார். கைராசி ஆளுக்கு அன்று அந்த வீட்டில் சாப்பாடு.

கோகிலா ஆறாம் வகுப்பில் முதல் வந்த வருஷம் அவளுடைய சித்தப்பா அவளைத் தன் காட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. விளைந்தது. அவ்வளவுதான். புள்ளைக்கு மூளையும் ராசி, கையும் ராசி என்று பேச்சாகிவிட்டது. அடுத்த வருஷங்களில் விதைப்பு நேரம் வந்தால் யாராவது விடுதிக்கு வந்து லீவு கேட்டு அவளைக் கூட்டிப்போவார்கள். அவளுக்காக விதைப்பை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்த வீடுகளும் இருந்தன.

இந்த வருஷம் பரீட்சை முடிந்து அவள் ஊரில் இருந்தாள். கோடைமழை ஒன்று நன்றாக இறங்கியது. ஏழெட்டுக் காடுகளில் அவள்தான் முதல் பிடி வீசினாள். அதற்கப்புறம் மழை நின்றுவிட்டது. வானம் வெளுத்துக் கிடந்தது. விதைத்தது முளைக்கவில்லை.

முளைக்குமா முளைக்காதா என்று எல்லோரும் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் ரிசல்ட் வந்தது.

ஆமாங்க என்றேன்

பரீட்சை அன்று காலை உப்புமா. கோகிலா நன்றாகச் சாப்பிட்டாள். இரண்டாம் தரம் தட்டை நீட்டினாள். நான்தான் வைத்தேன். மத்தியானம் வெளியே வந்ததும் ஜோதி என்னிடம், "பாதிதானுங்கண்ணா எழுதினேன். மீதிக்கு எம்பேரை நல்லா எழுதி வச்சிருக்கேன்" என்றாள். கோகிலாவைக் கேட்டேன். சூப்பர் என்று கட்டை விரலைக் காட்டினாள்.

ரிசல்ட் அன்று அவளும் அவளுடைய அப்பாவும் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார்கள். ஊரில் சிக்னல் கிடைக்காது. கணக்கு சார் போனில் பார்த்தார். இன்னொரு தரம் எண்ணைப் போட்டுப் பார்த்தார். மற்ற பாடங்களில் எல்லாம் நல்ல மார்க். கணக்கில் மட்டும் பெயில். எழுதவே இல்லை என்று சொல்லத் தகுந்த மார்க்.

அவளுடைய அப்பாவுக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்திருந்தார். என்ன சார் ஆச்சு என்று கேட்டார். சார் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அன்றைக்கு அவளுக்கு உடம்பு ஏதும் சரியில்லையோ என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த வார்த்தையை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க தம்பி, நீங்கதான அங்க இருந்தீங்க. அன்னிக்கி எம்புள்ளைக்குக் காய்ச்சலுங்களா?"

கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்திருந்தது.

"ஆமாங்க" என்றேன். "கஞ்சி வச்சுக் குடுத்தேன்."

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் மூச்சு வந்தது. காய்ச்சலோடு எழுதினால் யாருக்குத்தான் வரும் என்றார் ஒருவர். காய்ச்சலிலும் மற்ற பாடத்தில் இவ்வளவு வாங்கியிருக்கிறாளே என்றார் இன்னொருவர். கணக்கு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சமையல்கட்டுக்குத் திரும்பியபோது எனக்கு என்மேலேயே மரியாதையாக இருந்தது. ஒரு பெண்ணின் மானத்தை ஒரு கஞ்சியால் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

கோகிலாவும் ஊர்க்காரர்களும் கிளம்பிய பிறகு ஜோதி வந்தாள். அவளும் பெயில்தான். கணக்கு, இயற்பியல் இரண்டிலும். துணைத்தேர்வு விண்ணப்பத்தில் மாணவியே கையெழுத்துப் போட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னதும் அப்போதே பேனாவை வாங்கிக்கொண்டாள். கணக்கில் எத்தனை குறைச்சல் என்று கேட்டேன். ஒன்பது மார்க் என்றாள். இயற்பியலில் எத்தனை என்பதைக் கேட்கக் கூடாது என்றாள்.

பிசின்

இரண்டு நாள் கழித்துத் தலைமையாசிரியர் என்னிடம் விண்ணப்பத் தாளைக் கொடுத்து, கோகிலாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். கடைசி நாளுக்குப் பத்து நாள் இருந்தது.

நான் போனபோது அவள் வீட்டுக்குப் பின்னால் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். கையில் எண்ணெய் தடவியிருந்தும் விரலெல்லாம் பிசின். அப்பா ஊருக்குள் போயிருந்தார். நான் ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் அவளுடைய சித்தப்பாவின் காடு தெரியும். மறுபடி உழுது முடித்திருந்தார்கள். சித்தப்பா ஒரு சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தார். இரண்டு மூன்று வயதிருக்கும், பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை. அதன் கையில் விதையைத் திணித்து, அந்தக் கையைப் பிடித்து வீசவைத்தார். குழந்தை விதையை வாயில் போடப் பார்த்தது. சுற்றி நின்றவர்கள், என் சாமி, என் கண்ணு, ராசிக்காரி என்று கொஞ்சினார்கள்.

கோகிலா அங்கே பார்க்காமல் சுளைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். முளைக்காததற்கு மழைதான் காரணம், உனக்கும் அதற்கும் என்ன என்றேன்.

தாளை நீட்டினேன். அவள் கையைக் காட்டினாள், பிசின் என்று. கழுவிவிட்டுப் போடு என்றேன். வேண்டாம் என்றாள். அப்போதுதான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். உன் மூளைக்கு இந்தப் பரீட்சை ஒரு விஷயமா, நாலு நாள் உட்கார்ந்தால் முடித்துவிடுவாய் என்றேன்.

"அந்தப் பேச்ச மட்டும் எடுக்காதீங்கண்ணா" என்றாள்.

கத்தியைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் காய்ச்சல் இல்லீங்க. உங்களுக்கே தெரியும். மொதக் கணக்கு தெரியல. அடுத்ததுக்குப் போயிருக்கோணும். போகலீங்க. தெரியாம எப்படி உக்காந்திருக்கறதுன்னே எனக்குத் தெரியலீங்கண்ணா. ஜோதி தடதடன்னு எழுதிக்கிட்டே இருந்தா. எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டுது. மணி அடிச்சப்ப ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன்."

விரலில் ஒட்டியிருந்த பிசினை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"இப்ப எல்லாரும் காய்ச்சல்ங்கறாங்க. மறுக்கா எழுதி மறுக்கா பெயிலானா என்னன்னு சொல்றது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருக்க வேண்டும். பெயிலாவதில் எனக்கு இருக்கிற அனுபவம் அந்த மலையில் வேறு யாருக்கும் இல்லை. ஆனால் பெயிலானதற்கு மறுநாள் அங்கேயே இருந்து பார்த்த அனுபவம் எனக்கு ஒரு நாள்கூடக் கிடையாது.

அவளேதான் வழி சொன்னாள்.

"நீங்க எங்கப்பாகிட்ட, கஞ்சி எதுவும் வெக்கலீன்னு சொல்லிருங்கண்ணா. நான் சொல்லிப் பாத்தேன். நம்ப மாட்டீங்கறாரு. மனசொடஞ்சு பேசறேங்கறாரு. நீங்க சொன்னா நம்புவாரு. தெரியாமத்தான் பெயிலானேன்னு ஆயிட்டா, அப்பறம் எழுதறதுக்கு என்னங்க. நான் வந்து கையெழுத்துப் போடறேன்."

சரி என்றேன். அவர் வரும்வரை இருக்கச் சொன்னாள். எனக்கு விடுதியில் வேலை இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்றேன். தாளைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டேன்.

எட்டு நாள்

மறுநாள் விடுதிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்தார்கள். அவர்களுக்குச் சமைக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை. ஒரு நாள் எனக்கே உடம்பு வலித்தது. ஒரு நாள் அரிசி வந்து இறங்கியது.

இவை எதுவும் பொய் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் உண்மையாகவே இருந்தது. நடந்து போனால் இரண்டு மணி நேரத்தில் அவள் ஊர். போய் அந்த மனிதர் முன்னால் நின்று, அன்று உங்களிடம் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு அரை நிமிஷம் போதும். ஊரில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. போகிற வருகிற வழியில் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். எங்கள் புள்ளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த மனிதர் என்று இப்போது அது இன்னும் கூடியிருந்தது.

கடைசி நாளுக்கு முந்தின நாள் தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். நாளை சாயங்காலம் ஐந்து மணிவரைதான் காத்திருக்க முடியும் என்றார். கிளம்பினேன்.

கோகிலாவின் அப்பா வாசலில் நின்று வேனுக்குக் கை காட்டிய ஆள் மாதிரியே இன்னும் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மில் வேன் காலையிலேயே வந்து போய்விட்டது. பதினெட்டு முடிந்த பெண்களாகப் பார்த்து ஐந்தாறு பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. போக வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒரு வருஷம் வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு அடுத்த வருஷம் எழுது, உன் மூளை எங்கே போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். மில்லில் தன்னை யாருக்கும் தெரியாது, அங்கேயே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

"ஒரு வாரமா நீங்க வாரீங்களான்னு ரோட்டையே பாத்துக்கிட்டிருந்துச்சு" என்றார். "என்னத்துக்குன்னு கேட்டேன். சொல்லலீங்க."

அதுதான் நேரம். நான் வாயைத் திறந்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கி நீங்க ஒரு வாய் கஞ்சி குடுக்கலீன்னா எம்புள்ள பரீட்ச எழுதற எடத்துலயே உழுந்திருக்குமுங்க. நாங்க அத மறக்க மாட்டோம்."

உள்ளே போய் இருந்ததிலேயே பெரிய பழத்தைத் தூக்கி வந்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அவரே என் துண்டை மடித்துத் தோளில் வைத்து, அதன்மேல் பழத்தை ஏற்றிவிட்டார். மில் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் பேப்பரில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன். ஊரையும் நிறுத்தத்தையும் சொன்னார்.

அப்படித்தான் அந்த ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன்.

பழத்தை அடிவாரத்தில் ஒரு டீக்கடையில் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் அங்கேயே அறுத்து, நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எனக்கும் நாலு சுளை வந்தது. நல்ல இனிப்பு. சாப்பிட்டேன். ராசிபுரம் பஸ் காலையில்தான் வசதி என்றார்கள். வேறு பஸ் இருந்திருக்கும். நான் மேலும் விசாரிக்கவில்லை.

சட்டி வரிசை

மறுநாள் விடிந்ததும் நிறுத்தத்தில் நின்றேன். அட்டைக்குள் தாள் இருந்தது. மில்லுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம். அவளைப் பார்க்க விடுவதற்கு இன்னொரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், மத்தியானத்துக்குள் மலை ஏறிவிடலாம். நேரம் தாராளமாக இருந்தது.

நேரம் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவளைப் பார்த்ததும் அவள் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான். அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா? இல்லை என்றால் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். கூப்பிட்டும் வராமல் இருந்துவிட்டு, கடைசி நாளில் வெறும் தாளோடு வந்து நிற்கிறான் என்று பார்ப்பாள். திட்ட மாட்டாள். அந்தப் பெண்ணுக்குத் திட்டத் தெரியாது.

ஒரு மினி லாரி வந்து நின்றது. பின்னால் ஏழெட்டு ஆட்கள், மண்வெட்டி, இரும்புச் சட்டிகள். முன்சீட்டிலிருந்து மேஸ்திரி தலையை நீட்டினார். வீடு ஒன்றுக்கு இன்று தளம் போடுகிறோம், ஒரு ஆள் வராமல் போய்விட்டான், சட்டி மாற்ற வருகிறாயா என்று கேட்டார்.

ராசிபுரம் பஸ் லாரிக்குப் பின்னாலேயே வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. லாரி வழியை அடைத்து நின்றதால் அதனால் நகர முடியவில்லை. நான் லாரியில் ஏறிக்கொண்டேன். வழி விட்டதும் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. உள்ளே உட்கார இடம் இருந்ததைப் பார்த்தேன்.

தளம் போடும் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலவை மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் தளம் முடியும்வரை நிறுத்த முடியாது. பாதியில் நின்றால் அந்த இடத்தில் ஒட்டாது, பிறகு ஒழுகும். கீழேயிருந்து மேலே சாரத்தில் வரிசையாக ஆள் நிற்பார்கள். கலவைச் சட்டி கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு ஆள் விலகினால் வரிசை அறுந்துவிடும். எனக்கு நடுவில் இடம் கிடைத்தது. கீழே நிற்பவரிடமிருந்து வாங்கி மேலே நிற்பவரிடம் கொடுக்க வேண்டும். வேறு ஒன்றும் இல்லை. காலை பத்து மணிக்குள் உள்ளங்கை உரிந்துவிட்டது.

மத்தியானம் சாப்பிட மட்டும் பத்து நிமிஷம் பாதிப் பாதியாக ஆளை விட்டார்கள். மீண்டும் வரிசை. வெயில் சாய்ந்து, கடைசிச் சட்டி மேலே போனபோது மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, அஞ்சரை ஆகிவிட்டது, கை கழுவுங்கள் என்றார்.

தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது எனக்குக் கீழே நின்றவர், காலையில் பையோடு நின்றாயே, எங்கே கிளம்பினாய் என்று கேட்டார். மில்லில் ஒரு பெண்ணிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது, இன்று ஐந்து மணிக்குள் பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்தால் அவள் பரீட்சை எழுதியிருப்பாள் என்றேன். கேட்டவர் முகம் மாறியது.

"போகலியா?"

"காங்கிரீட்டுக்கு நடுவுல எப்படிங்க போறது" என்றேன்.

அது நியாயம்தான் என்றார் அவர். சுற்றி நின்றவர்களும் ஆமாம், நியாயம்தான் என்றார்கள்.